என் நிரல் தள்ளிவிட்ட பன்னிரண்டு பேர்

கல்யாணமாகி இருபத்தோரு நாள் ஆன என் பிள்ளைக்கு, கள்ளக்குறிச்சியிலிருந்து அம்மா.

முதலில் திட்டிவிடுகிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. இன்று காலை மலைமேல் கரியாலூரிலிருந்து உன் மாமா போன் செய்தார். "பாப்பா, மண்டபத்துலயே நேர்ல நின்னு விருந்துக்குக் கூப்ட்டேன். எந்தத் தேதின்னு கேட்டு நேத்து மெசேஜ் போட்டா, உன் புள்ளை கட்டவெரல மட்டும் தூக்கிக் காட்டறான். வரான்னு அர்த்தமா, வரலன்னு அர்த்தமா?" என்று கேட்டார். பெங்களூரில் உன் ஆபீஸில் அந்தக் கட்டைவிரலுக்கு ஆயிரம் மரியாதை இருக்கட்டும். என் அண்ணனிடம் அதைக் காட்டாதே. அவர் உன் கல்யாணத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பது உனக்குத் தெரியாது. நானும் உன் அப்பாவும் சேர்ந்து அதை உன்னிடம் மறைத்துவிட்டோம். மாப்பிள்ளை முகம் வாட வேண்டாமே என்றுதான். இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து படி.

மாமாவோடு எனக்கு ஏழு வருஷமாகப் பேச்சில்லாமல் இருந்தது உனக்குத் தெரியும். காரணம் கேட்டபோதெல்லாம் "அவர் கோபக்காரர்" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். அது பாதிப் பொய். அவருடைய மகள் கல்யாணத்துக்கு என்னை அழைக்க, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் பத்திரிகையோடு மலையிலிருந்து பஸ் ஏறி வந்தார். நான் வேலை பார்த்த பள்ளிக்கூட ஆபீஸில் அன்று அட்மிஷன் கூட்டம். பூட்டிய வீட்டு வாசலில் நிற்கிறேன் என்று போன் செய்தவரிடம், "அண்ணா, பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போ, நான் வாங்கிக்கறேன்" என்றேன். அப்படியே கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று பக்கத்து வீட்டம்மா பிறகு சொன்னார். கல்யாணத்தன்று நான் பந்தி நேரத்துக்குப் போய் நின்றபோது, "பக்கத்து வூட்டுக் கையில வாங்கன பத்திரிகைக்கு சாப்புட மட்டும் வந்துகினியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். எனக்கு வந்ததே ரோஷம்! இலையில் உட்காராமல் திரும்பி வந்தேன். கோபம் ஆறட்டும், இப்போதைக்குப் பேச வேண்டாம் என்று நினைத்தேன். அந்த இப்போதைக்கு ஏழு வருஷமாகிவிட்டது.

தப்பு யார் மேல் என்று நீ சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும். தெரிந்தும் போகவில்லை. உன் கல்யாணம் நிச்சயமானதும் முதலில் நினைவுக்கு வந்தது அவர்தான். தாய்மாமன் இல்லாமல் உன் நெற்றியில் யார் பட்டம் கட்டுவார்கள்? பட்டம் கட்டாமல் மணவறையில் எப்படி உட்காருவாய்? உன் அப்பா, "உன் சித்தப்பா மவன் ஒருத்தன் இருக்கானே, அவனும் மாமன் முறைதானே" என்றார். முறைதான். ஆனால் நீ பிறந்தபோது துணி சுற்றி முதலில் தூக்கியது அவன் இல்லையே.

இந்த நேரத்தில்தான் நீ அந்தப் படிவத்தை உண்டாக்கினாய். தியாகதுருகம் மண்டபத்தில் சமைக்க வருகிறவர் எத்தனை இலை என்று கேட்கிறார், மலையிலிருந்து வருகிறவர்களுக்கு எத்தனை வேன் என்று வேன்காரர் கேட்கிறார் என்று நான் புலம்பியதற்கு, இரண்டே கேள்வி வைத்து ஒரு இணைப்பு அனுப்பினாய். பெயர், எத்தனை பேர் வருவீர்கள். "பதிலெல்லாம் ஒரே கோப்புல வந்து விழும்மா, கூட்டிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாய். நம் ஜனங்களைப் பற்றி உனக்கு என்ன தெரியும்! எத்தனை பேர் என்று கேட்டால் நம் பக்கம் யாராவது எண்ணைச் சொல்வார்களா? முதல் நாளே ஒருவர் "எல்லாரும்" என்று எழுதியிருந்தார். அடுத்தவர் "வூட்டோட". இன்னொருவர் "ஒரு வேனு". கச்சிராயபாளையத்து ஓர்ப்படி தன் ஊர் பின்கோடைப் போட்டிருந்தாள். அதைக் கூட்டினால் ஆறு லட்சம் பேருக்கு இலை போட வேண்டும்.

அந்த நாலைந்து பதிலைப் பார்த்துக் கோப்பை மூடியவள் பிறகு அதைத் திறக்கவே இல்லை. மறுநாள் அந்த இணைப்பை உன் மாமாவுக்கும் அனுப்பினேன். மிச்சமிருந்த உறவுக்கெல்லாம் அனுப்புகிற வேகத்தில் அவருடைய எண்ணையும் தொட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. முகத்தைப் பார்க்காமல், வாயைத் திறக்காமல் கூப்பிட ஒரு வழி கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பதில்களைப் பிரித்துத் தர கம்ப்யூட்டர் நிரல் ஒன்றை நானே எழுதுகிறேன் என்று உன்னிடம் சொன்னபோது நீ சிரித்தாய். சிரிக்க என்ன இருக்கிறது? உன் பழைய லேப்டாப் சும்மா தூங்கியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இரண்டு மாதமாக வீடியோ பார்த்து ஜாவா படித்துக்கொண்டிருந்தேன். அதோடு, எழுதியதைச் சரிபார்க்கிற வேலை எனக்குப் புதிதா? இருபத்திரண்டு வருஷம் ஆபீஸில் விண்ணப்பம் வாங்கியவள். இனிஷியல் இல்லை, போ. கையெழுத்து கோட்டுக்கு வெளியே இருக்கிறது, போய் வேறு எழுதி வா. வெள்ளிமலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்களைக்கூட அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நாம் எழுதிய நிரலைப் படித்துத் தப்பு சொல்கிற கம்பைலர் என்னைத் திருப்பி அனுப்பியபோதுதான் அவர்கள் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

முதல் தடவை ஓட்டியபோது பதினான்கு எரர். சிவப்புச் சிவப்பாக வந்து கொட்டியது. அழுகையே வந்துவிட்டது. உன் அப்பா எட்டிப் பார்த்து, "இன்னாடி, இவ்ளோ கேஸ் போட்டிருக்கான் உம்மேல?" என்றார். உனக்குப் போன் செய்தேன். நீ நிதானமாக, "முதல் எரரை மட்டும் படிம்மா, மத்ததைப் பார்க்காதே" என்றாய். பார்த்தால், நெளி அடைப்புக்குறி ஒன்றை ஒரு தடவை கூடுதலாக மூடியிருந்தேன். அங்கேயே கதை முடிந்துவிட்டது என்று கம்பைலர் நினைத்துவிட்டது, அதற்குக் கீழே நான் எழுதியதெல்லாம் அதற்குப் பிதற்றலாகத் தெரிந்திருக்கிறது. அந்த ஒன்றை எடுத்ததும் பதிமூன்றும் காணோம். வீட்டில் சண்டை வந்தால் இதை நினைத்துக்கொள். உன் பெண்டாட்டி பதினான்கு குறை சொன்னால் பதினான்குக்கும் பதில் தயார் செய்யாதே, முதலில் எது என்று பார்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. 5 என்று எழுதிய பதிலை எடுத்து மொத்தத்தோடு கூட்டச் சொன்னேன். முடியாது என்றது. இது எழுத்து, எண் இல்லை, எழுத்தை எண் பெட்டியில் போட முடியாது என்றது. அட மடையா, ஐந்து ஐந்துதானே என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். யாரோ தட்டச்சு செய்து அனுப்பியது எதுவாக இருந்தாலும் வந்து சேரும்போது அது வெறும் எழுத்துதான், நாம் சோதித்து மாற்றிய பிறகுதான் எண் ஆகும் என்று புரிய எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. புரிந்ததும் என்ன பெருமை! ஒவ்வொரு பதிலையும் எடு, எல்லாம் இலக்கமா என்று பார், ஆமாம் என்றால் எண்ணாக்கு, இருபத்தைந்துக்கு மேல் போனால் நம்பாதே, மிச்சத்தை 'தள்ளினவை' என்று ஒரு பட்டியலில் போட்டு வை, கடைசியில் அதைக் காட்டு. எழுதி முடித்ததும் ஒரு டீ போட்டுக் குடித்தேன். அந்தப் பின்கோடுக்காரியை மடக்கவே இருபத்தைந்து என்று வரம்பு வைத்தேன்.

ஒரே ஒரு எரர் மிச்சம் நின்றது. கடைசியில் 'தள்ளினவை' பட்டியலைக் காட்டு என்ற இரண்டு வரியில். அப்படி ஒரு பெயரே எனக்குத் தெரியாது என்றது கம்பைலர். இப்போதுதானே மேலே வைத்தேன், அதற்குள் தெரியாதாமே! ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் வைக்க வேண்டிய அரைப்புள்ளி விட்டுப்போயிற்றா என்று பார்த்தேன். இருந்தது. பெயரை அழித்து மறுபடி எழுதினேன். அப்போதும் அதே பாட்டு. உனக்குப் போன் செய்தேன். நீ குசுகுசுவென்று, "மீட்டிங்ல இருக்கேன்மா. அந்த ரெண்டு லைனுக்கு முன்னாடி ரெண்டு சாய்கோடு போட்டு இப்போதைக்கு அடைச்சு வை. அதைப் படிக்காம தாண்டிப் போயிடும்" என்றாய். போட்டேன். ஒரு எரர் இல்லை. ஓடியது. மொத்தம் நூற்று அறுபத்தெட்டு பேர் என்று அழகாகக் காட்டியது. நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

சொன்னது நீ. ஆனால் செய்தது நான், அதனால் பழியை நானே எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சந்தோஷத்தில் அடைத்து வைத்த வரிகளை மறந்தே போனேன். நிரல் தந்த பெயர்ப் பட்டியலை எடுத்து உன் மாமா பெயரைத் தேடினேன். இல்லை. தினமும் புதிதாக ஓட்டிப் பார்த்தேன். இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். பதில்கூடப் போட மாட்டாரா, அவ்வளவு ஆங்காரமா என்று எனக்குள் எரிந்தது. சரிதான் போ, வராவிட்டால் போகட்டும் என்று சித்தப்பா மகனுக்கு வேட்டி சட்டையே எடுத்துவிட்டேன். எடுத்து வந்து பீரோவில் வைக்கும்போது உட்கார்ந்து அழுதேன். நீ அன்றைக்குப் போன் செய்தபோது ஜலதோஷம் என்று சொன்னேனே, அதுதான்.

காப்பாற்றியது உன் அப்பா. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது சமையல்காரர் கடைசி எண்ணிக்கை கேட்டார். உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேப்டாப் முன்னால் வந்து உட்கார்ந்தார். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், தலை எண்ணாமல் அவருக்குச் சோறு இறங்காது. "பதிலு மொத்தம் எத்தினி வந்துச்சு?" என்றார். நாற்பத்து மூன்று என்றேன். "உன் பட்டியல்ல எத்தினி பேரு?" முப்பத்தொன்று. "டிக்கெட்டு கிழிச்சது நாப்பத்தி மூணு, வண்டில இருக்கறது முப்பத்தொண்ணு. பாக்கி பன்னெண்டு பேரு எந்த ஸ்டாப்புல எறங்கனாங்க?"

எனக்கு உச்சந்தலையில் தண்ணீர் கொட்டிய மாதிரி இருந்தது. அந்தக் கோப்பை நேராகத் திறந்து படித்திருந்தாலே போதும். ஆனால் நிரல் எழுதத் தெரிந்தவளுக்கு அது கௌரவக் குறைச்சல் அல்லவா! அன்றும் திறக்கவில்லை. சாய்கோடுகளை எடுத்தேன். அதே எரர் வந்தது. இந்தத் தடவை அதன்மேல் கோபப்படாமல், அது என்ன சொல்கிறது என்று முழுசாகப் படித்தேன். அந்தப் பட்டியலை நான், ஒவ்வொரு பதிலாக எடுத்துச் சுற்றுகிற சுழற்சியின் அடைப்புக்குறிக்குள் வைத்திருந்தேன். உள்ளே உண்டாக்கியது உள்ளேயே முடிந்துபோகும், வெளியே அதன் பெயர் செல்லாது. கம்பைலர் அத்தனை நாளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதன் வாயை அடைத்துவிட்டேன். தள்ளிய ஒவ்வொரு பதிலையும் நிரல் ஒழுங்காக எடுத்து வைத்து, அந்தச் சுற்று முடிந்ததும் தூக்கி எறிந்துவிட்டிருக்கிறது. பட்டியலை உண்டாக்குகிற அந்த ஒரு வரியைச் சுழற்சிக்கு மேலே கொண்டுபோய் வைத்தேன். ஓட்டினேன்.

பன்னிரண்டும் வந்தன. எல்லாரும். வூட்டோட. ஒரு வேனு. பாக்கலாம். பின்கோடு. ஏழாவதாக உன் மாமா பெயர். எத்தனை பேர் என்ற கேள்விக்கு நேராக அவர் எழுதியிருந்தது இதுதான்: "நேர்ல வந்து கூப்டு. வரேன்."

இணைப்பு அனுப்பிய அன்றைக்கே, இரண்டு மணி நேரத்துக்குள் எழுதியிருக்கிறார். பதினெட்டு நாள் அந்த மனுஷன் நான் வருவேன் என்று உட்கார்ந்திருக்கிறார். பதில் போடவில்லை என்று இங்கே நான் அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். உன் அப்பா எட்டிப் பார்த்துப் படித்தார். உள்ளே போய்த் தாம்பாளத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் மலை ஏறினோம். கோமுகி அணை தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் அவரிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். மாமா வாசலில் சாமையைக் காயப் போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், கிளறுவதை நிறுத்தவில்லை.

"இன்னா பாப்பா, இப்பதான் பஸ்ஸு கெடச்சுதா?" என்றார்.

ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டேன். "பக்கத்து வூட்டுல குடுக்கச் சொன்னது என் தப்புண்ணா. அன்னிக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கணும்" என்றேன். அவர் கால் நின்றது. "பந்தியில உன்ன அப்டி கேட்டது எந்தப்பு. எல போட்ட எடத்துல ஒரு பொம்பளப் புள்ளைய அப்டி கேக்கலாமா?" என்றார். ஏழு வருஷம் பேசாத பேச்சு இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. நான் தாம்பாளத்தை நீட்டினேன். அவர் கையைத் துண்டில் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பிறகு விசாரணை ஆரம்பித்தது. "பதிலு போட்டு பத்தொம்பது நாளு ஆச்சு. இன்னா பண்ணிக்கினு இருந்தே?" நிரல் தள்ளிவிட்டதைச் சொன்னேன். "என்னையா? உன் மிஷினு என்னையா தள்ளிச்சு?" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். "எண்ணு போட்டாதான் ஒத்துக்கும்ணா" என்றேன். உடனே போனை எடுத்து, எங்கள் கண் முன்னாலேயே அந்தப் படிவத்தைத் திறந்து, ஊரையே விரல் விட்டு எண்ணி, நாற்பது என்று போட்டார். "இப்ப ஒத்துக்குமா?" என்றார். "கண்டிப்பா ஒத்துக்கும்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து ஓட்டினால் மறுபடியும் தள்ளினவையில் கிடக்கிறார்! இருபத்தைந்துக்கு மேல் நம்பாதே என்று நான்தானே எழுதி வைத்தேன். உன் அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. வரம்பை ஐம்பது ஆக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். வேன்காரரைக் கூப்பிட்டு இரண்டு வண்டி சொன்னேன்.

அவர் உன் நெற்றியில் பட்டம் கட்டியபோது எனக்குக் கண்ணீர் கொட்டியதே, ஓமப் புகை என்று நீ நினைத்து எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாயே, அதற்குக் காரணம் இந்தக் கதைதான். சித்தப்பா மகனுக்கு எடுத்த வேட்டி சட்டையை அவனுக்கே கொடுத்துவிட்டேன். எதற்கு என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது, நீ போய் உளறாதே.

உனக்குப் புத்தி சொல்லும் அளவுக்கு நான் யோக்கியமானவள் இல்லை என்பதை இவ்வளவு தூரம் எழுதியதிலேயே பார்த்திருப்பாய். இருந்தாலும் அம்மா என்பதால் சொல்கிறேன். எரர் வராமல் ஓடுகிறது என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதே. நான் வாயை அடைத்ததனால்தான் அது அவ்வளவு அழகாக ஓடியது. உன் பெண்டாட்டி ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால், "இப்போதைக்கு விடு" என்று சொல்லாதே. அவள் சொல்வது உனக்குப் புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல், கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபித்தாலும் பரவாயில்லை, பேச்சு நடக்கும். பேச்சு நின்றுபோனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அந்த நிரலை நான் அழிக்கவில்லை. ஒவ்வொரு தடவை அதில் ஏதாவது மாற்றும்போதும், சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க உன் மாமாவின் முதல் பதிலைத்தான் கொடுத்துப் பார்க்கிறேன். "நேர்ல வந்து கூப்டு. வரேன்." என் நிரல் அதைத் தள்ளிவிட்டு, தள்ளியதை மறைக்காமல் திரையில் காட்டும். அதைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

இன்று காலை மாமா போனை வைத்ததும், நீ அவருக்கு அனுப்பிய அந்தக் கட்டைவிரலையும் எடுத்து நிரலில் போட்டுப் பார்த்தேன். தள்ளிவிட்டது. மாமாவின் வரிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த வரையில் அந்தப் பட்டியலில் இருக்கிறவர்களைப் போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும். நீங்கள் இங்கே வருவதற்கு நான் தாம்பாளத்தோடு பெங்களூருக்கு பஸ் ஏற வேண்டுமென்றால் சொல், ஏறுகிறேன், அந்த வழி இப்போது எனக்குப் பழகிவிட்டது.

வேண்டாமென்றால், இன்றைக்கே மாமாவுக்குப் போன் போட்டு, வாயைத் திறந்து, தேதியைச் சொல். எனக்கு ஒரு எண் அனுப்பு, 2 என்று. அரைப்புள்ளியை நான் வைத்துக்கொள்கிறேன்.

அம்மா